ரெண்டு விரல் இடிக்குது

அக்கா எங்கள் கடைக்குள் நுழைந்தால் வணக்கமெல்லாம் கிடையாது. நேராகப் போய் டிராக்டரின் பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிற அதே பதம். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் முகம் சுருங்கிவிடும்.

"என்ன தம்பி, நான் வர்றது தெரிஞ்சு முன்னாடியே ஓட்டி வெச்சிட்டீங்களா? குளிர்ல நின்ன வண்டி ஒரே சாவியில எழுந்திருக்குதான்னுதானே நான் பாக்கணும்! பவுடர் பூசி உக்கார வெச்ச மாப்பிள்ளைய எல்லாம் என்கிட்ட காட்டாதீங்க."

அவ்வளவுதான். இன்ஜின் ஆறுகிற வரை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருப்பார். நான் விலைப்பட்டியலை எடுத்தால், "அத உள்ள வைங்க. கட்டப் போறது நானு, ஓடப் போறது அது. முதல்ல அது ஓடட்டும்" என்பார்.

நான் சிறிய டிராக்டர்கள் விற்கிறவன். தோட்டத்துக்கும் குறுகின நிலத்துக்கும் ஏற்ற, இடுப்பளவு உயரமுள்ள வண்டிகள். 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று எங்கள் முதலாளி கடை வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஹார்ன் அடிப்பார்கள், இருக்கையில் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் மச்சான் எதை வாங்கினானோ அதையே வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தேன், அக்கா வருகிற வரை.

அக்காவுக்குத் தொழில் தையல். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை. பள்ளிச் சீருடை, சட்டை, கால்சட்டை எல்லாம் தைப்பார். குட்டையான உருவம், கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். தொழிலில் இறங்கிய நாளில் வாங்கிய நாடாவாம். குளிக்கும்போதாவது கழற்றுவார் என்று நினைத்திருந்தேன். கழற்றுவாராம், ஆனால் அதையும் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாக இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டிக்கொள்வாராம். நான் இப்போது போட்டிருக்கும் சட்டையும் அவர் தைத்ததுதான். தோள், கை, கழுத்து எல்லாம் கச்சிதம். அதில் குறை சொல்ல வாய் வராது.

எங்கள் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டு விரல்'. காரணம் போகப் போகத் தெரியும்.

வண்டி ஆறியதும் சாவியைத் திருப்பச் சொல்வார். கிளம்பியதும் பையிலிருந்து வெள்ளைத் துணி வெட்டு ஒன்றை எடுத்து இன்ஜினுக்கு அடியில் விரிப்பார். பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து காதைக் கொடுத்துக் கேட்பார். "தையல் மெஷினுக்கும் இதுக்கும் ஒரே காதுதான் தம்பி. பேசலாம், பாடலாம், இருமக் கூடாது." கொஞ்ச நேரம் கழித்துத் துணியை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு பொட்டு எண்ணெய் இருந்தால் வண்டி தொலைந்தது. ஒருமுறை பழுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. "அக்கா, அது எங்க மெக்கானிக் சிந்தின டீ" என்று நான் அடித்துச் சொன்னேன். துணியை முகர்ந்து பார்த்தார். "டீதான். இருந்தாலும் கறை கறைதான்" என்று அந்த வண்டியை இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டார்.

பாவம், அந்த மெக்கானிக். ஒரு மதியம் அவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "அண்ணே, வண்டி நடு வயல்ல நின்னுபோச்சு, கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணே" என்று ஒரு பெண் குரல் தவிக்கிறது. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, சாமான் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு பறந்தார். சொன்ன இடத்தில் வயலும் இல்லை, வண்டியும் இல்லை. மரத்தடியில் அக்கா ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். "வந்துட்டீங்களே! நீங்க பாஸாயிட்டீங்கண்ணே. இந்தாங்க, டீ குடிங்க." வண்டி வாங்கிய பிறகு கூப்பிட்டால் ஆள் வருவாரா என்று வாங்குவதற்கு முன்பே கூப்பிட்டுப் பார்த்தாராம். மெக்கானிக் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நீளமாகக் கிடந்த கால்சட்டையை அக்கா மடித்துத் தைத்துக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார்.

உதிரிபாக அறையையும் விடவில்லை. "ஊசி உடைஞ்சா எனக்கு அடுத்த தெருவுல கிடைக்குது. இதுல ஒரு ஃபில்டர் போச்சுன்னா நான் எந்த ஊருக்கு ஓடணும்?" என்று கேட்டு, ஃபில்டர், பெல்ட், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதோடும் திருப்தி இல்லை. ஏற்கெனவே வண்டி வாங்கினவர்கள் அவர் கடைக்குச் சட்டை தைக்க வருவார்களே, அவர்களையும் துருவியிருக்கிறார். "கையத் தூக்குங்க. உங்க வண்டி மேடு ஏறுதா? திரும்புங்க. டீசல் எப்படிக் குடிக்குது?" இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "கழுத்துகிட்ட குண்டூசி இருக்கும்போது எவனும் பொய் சொல்ல மாட்டான் தம்பி."

இப்படி ஊரையே சலித்து, கடைசியில் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தார். எங்களிடம் இருப்பதிலேயே ஒல்லி. ஆறின இன்ஜினில் உடனே கிளம்பியது, துணியில் கறை இல்லை, இருமல் இல்லை, கேட்டவர்கள் எல்லாம் நல்ல வார்த்தை சொன்னார்கள். நான் பேனாவைத் திறந்தேன். அக்கா இரண்டு விரலைச் சேர்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா சந்துல ரெண்டு விரல் இடிக்குது."

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் தைத்துச் சேர்த்ததில் அக்கா வாங்கிய ஒரே சொத்து, ஒரு வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் நிலம். கறுப்பு மண். வெண்டையும் கத்தரியும் சோளமும் போட்டால் போதும் போதும் என்று காய்க்கிற மண். ஆனால் உள்ளே போக ஒரே வழி, இரண்டு மதில்களுக்கு நடுவே ஓடும் சந்து. வாடகை டிராக்டர்கள் சந்து முனையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் அக்காவின் கணவர்தான் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். அக்கா என்று கூப்பிட்ட பாவத்துக்கு அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. போன வருடம் கொத்திக்கொண்டிருக்கும்போதே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, இனி மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலத்தில் இடுப்பளவு களை நின்றது.

சந்துக்கு முன்னால் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண். கிடங்கு கட்ட வேண்டுமாம். கெட்டவர் இல்லை, விடாக்கண்டர். "உழ முடியாத நிலத்த வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க? எனக்குக் குடுத்துடுங்க" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். மாமாவின் முதுகைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கும் மனம் தளர்ந்துவிட்டது. "இந்த வருஷ மழை வலுக்கறதுக்குள்ள உழுதுட்டா நிலம் எனக்கு. இல்லேன்னா உங்களுக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது காஜா எடுப்பதை நிறுத்தியிருந்தார். "ஒவ்வொரு தையலா சேர்த்து வாங்கினது தம்பி. குடுக்க மனசே வரல" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து அன்றுதான் கேட்டேன்.

சந்தை அக்கா அளந்தது ஒருமுறையா இரண்டுமுறையா! காலையில் அளந்தார், உச்சி வெயிலில் மதில் வீங்குகிறதா என்று அப்போதும் அளந்தார். அக்கா போட்ட கணக்கு இதுதான். வண்டி நடுவே போக வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முஷ்டி இடைவெளி இருக்க வேண்டும். "மதில்ல ஒரு கோடு விழுந்தா அந்த மனுஷன் ஊரைக் கூட்டிடுவாரு" என்றார். "பக்கத்துக்கு மூணு விரல் போதும்க்கா" என்றேன் நான். "உங்க மாமாவோட வேனைப் பாத்திருக்கீங்கல்ல?" என்றார். பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நசுங்கின சொம்பு மாதிரி இருக்கும். "நான்தான் ஓட்டப் போறேன். ஆனா ஒருநாள் அவரும் ஆசைப்படுவாருல்ல?"

பின்சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வண்டியின் அகலம் குறையும். அப்படிக் குறைத்த அகலம் கம்பெனித் தாளிலேயே அச்சாகியிருந்தது. அவர் கணக்குப் போட்டதே அந்த எண்ணை வைத்துத்தான். மறுபடி எடுத்துக் காட்டினேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, மறுபடியும் அந்த இரண்டு விரலை நீட்டினார். என் வாயைச் சந்தேகப்பட்டார், இன்ஜினைச் சந்தேகப்பட்டார், மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டார். அச்சில் போட்ட எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதனால் வண்டியில் இருக்கை உயரம், கிளட்ச் மிதிக்குக் கால் எட்டும் தூரம் எல்லாவற்றையும் நாடாவால் அளந்தவர், அகலத்தை மட்டும் அளக்கவே இல்லை.

ஆனாலும் வாராவாரம் வந்தார். வந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் திடலில் அந்த ஒல்லி வண்டியை ஓட்டினார். முன்னால், பின்னால், எட்டுப் போட்டு, சுழல் கலப்பையைத் தூக்கி, இறக்கி. வாங்க முடியாத வண்டியை எதற்கு ஓட்டிப் பழகுகிறார் என்று எனக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருந்தது. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு நாள் அவர் வந்தபோது, வேறொருவருக்குக் காட்டுவதற்காக மெக்கானிக் அந்த வண்டியின் பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டியிருந்தார். அக்கா பானெட்டைத் தொட்டார். பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கை தன்பாட்டுக்குக் கழுத்திலிருந்த நாடாவை உருவி, சக்கரத்துக்குச் சக்கரம் பிடித்தது. மறுபடியும் பிடித்தது. அப்புறம் கடை அதிர ஒரு சத்தம்.

"தம்பீ! உங்க கம்பெனிக்காரங்களுக்கு அவங்க வண்டியோட அகலமே தெரியல! தாள்ல தப்பா போட்டிருக்காங்க. இது சின்னது! இது போகும்! ரெண்டு பக்கமும் முஷ்டி விட்டே போகும்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேருக்கு விற்ற வண்டி. "அதெல்லாம் தப்பா போட மாட்டாங்க" என்று பட்டறையிலிருந்து இரும்பு டேப்பைக் கொண்டுவந்து பிடித்தேன். தாளில் இருந்ததே வந்தது, நூல் பிசகாமல். "உங்க டேப்பு தப்பு" என்றார் அவர். "உங்க நாடாதான் தப்பு" என்றேன் நான். வார்த்தை தடித்தது. மெக்கானிக்தான் இடையில் புகுந்து இரண்டையும் வாங்கி, பானெட் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். நாடாவின் நுனியும் டேப்பின் நுனியும் ஒன்றாக இருந்தன. நடுவில் எண்கள் கொஞ்சம் விலகின. மறுகோடியில், அக்காவின் நாடா முடிகிற இடத்துக்கு முன்னாலேயே, அதே எண் இரும்பு டேப்பில் வந்துபோயிருந்தது. இடையில் மெக்கானிக் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு.

இத்தனை வருடத் துவையலிலும் இழுவையிலும் இஸ்திரியிலும் நாடா நீண்டுபோயிருக்கிறது. நீண்டுபோன நாடா எதை அளந்தாலும் குறைத்துத்தான் சொல்லும். அக்கா மெதுவாக அங்கிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ... இந்த ஊர்ல நான் தைச்ச சட்டை எல்லாம்?"

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மெக்கானிக் அவர் கால்சட்டையைப் பார்த்தார். இரண்டும் கச்சிதமாகத்தான் இருந்தன. அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஏதோ மெல்ல விடிந்தது.

"உடம்பையும் இதுலதான் அளந்தேன். துணியையும் இதுலதான் வெட்டினேன். ஐயோ, பொய்யும் பொய்யும் சேந்து மெய்யாயிடுச்சே!"

சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள். தொடையைத் தட்டித் தட்டி, கண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். உள்ளே இருந்து முதலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். சிரிப்பு நடுவழியில் நின்றது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி. சந்து."

"என்னக்கா?"

"சந்தையும் இதுலதானே அளந்தேன்! சந்தும் அகலமாத்தானே இருக்கணும்! கடையை மூடுங்க!"

கடையை நான் எப்படி மூடுவது? முதலாளியே, "போய்த் தொலைப்பா, இன்னைக்காவது முடியட்டும்" என்று அனுப்பி வைத்தார். வழியில் மாமாவையும் வேனோடு பிடித்துக்கொண்டோம். சந்தின் ஒரு மதிலில் நான் டேப்பின் தலையை வைக்க, எதிர் மதிலில் மெக்கானிக் பிடிக்க, அக்கா நடுவில் நின்று எண்ணைப் பார்க்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டார். மாமாதான் குனிய முடியாமல் குனிந்து படித்தார். படித்துவிட்டு, வாயே திறக்காத மனிதர், "போகும்டி!" என்று கத்தினார். வாயில், நடுவில், முடிவில் என்று மூன்று இடத்திலும் அளந்தோம். மூன்று இடத்திலும் போகும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விற்பனையில் இருக்கிறவன் அதையெல்லாம் வெளியே காட்டக் கூடாது, காட்டிவிட்டேன்.

சக்கர அகலத்துக்குள் அடங்குகிற சுழல் கலப்பையை மாட்டி வண்டியை ஒப்படைத்த நாளில் காற்று மண்வாசனையோடு வீசியது. எந்த நேரமும் கொட்டிவிடும் போலிருந்தது. சாவியைக் கொடுத்தால் அக்கா வாங்கவில்லை. மாமாவைப் பார்த்து, "உள்ள கொண்டு போறது நான். உள்ள சுவரே இல்ல, அங்க நீங்க ஓட்டுங்க" என்று முதலில் ஒப்பந்தம் போட்டார். மாமா வெட்கத்தோடு தலையாட்டினார். அதன் பிறகுதான் சாவி கைமாறியது.

வீதியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா தைத்த சட்டைகள்தான் பாதிக்கு மேல். "யக்கா, பாத்து, சந்து சுருங்கிடப் போவுது!" என்று எவரோ கேலி பேசினார்கள். "நீ மூச்ச இழுத்துப் புடிச்சுக்க, போதும்!" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். முதல் கியர். வண்டி ஆமை நடையில் சந்துக்குள் நுழைந்தது. அக்கா இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு போனார். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் நான். மாமாவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தன. மதிலில் ஒரு கோடு விழவில்லை, ஒரு பொடி சுண்ணாம்பு உதிரவில்லை.

சந்து முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் முன்வீட்டுக்காரரின் பின்கட்டு. வலப்பக்கம் அக்காவின் நிலம். பின்கட்டு வாசலில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதல் தூறல் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"என்னம்மா, மழை வந்துடுச்சே! நம்ம பேச்சு என்ன ஆச்சு?"

அக்கா வண்டியை நிறுத்தவில்லை. பின்னால் வருவதற்கு வேறு வண்டி எதுவும் கிடையாது, மாமாவும் நானும்தான். ஆனாலும் அக்கா வலது கையைத் தோளிலிருந்து விரல் நுனி வரை விறைப்பாக நீட்டி, வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று சைகை காட்டினார். காட்டிய கையை மடக்காமலே நிலத்துக்குள் திரும்பினார்.